சர்வே எண்ணுக்கு ஒரு வரி என்பதை ஆளுக்கு ஒரு வரி ஆக்குவது எப்படி?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். எக்செல் பட்டியலில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், அதிலும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி வரி இருக்கிறது. உறுப்பினருக்கு ஒரே வரி வேண்டும். சர்வே எண்கள் எல்லாம் ஒரே செல்லில் வர வேண்டும். பிவட் டேபிள் போட்டால் சர்வே எண் வராமல் எண்ணிக்கைதான் வருகிறது. என்ன வழி?

பதில்: பிவட்டின் வேல்யூஸ் பகுதியில் எழுத்தைப் போட்டால் அது எண்ணிக்கையைத்தான் காட்டும். எழுத்தை ஒட்டுவதற்கு டெக்ஸ்ட்ஜாயின் (TEXTJOIN) என்ற ஃபார்முலா இருக்கிறது.

புது ஷீட்டில் முதலில் உறுப்பினர் எண் நெடுவரிசைக்கு யுனிக் (UNIQUE) ஃபார்முலா போடுங்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு தடவைதான் வரும். பெயரை நம்பி இதைச் செய்யாதீர்கள், இனிஷியல் ஒரு வரியில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும். பட்டா எண்ணும் உதவாது, கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி எல்லாருக்கும் அதே எண்தான். அடுத்த செல்லில் அந்த உறுப்பினரின் சர்வே எண்களை ஃபில்டர் (FILTER) ஃபார்முலா கொண்டு எடுத்து, அதை யுனிக்குக்குள் வைத்து, வெளியே டெக்ஸ்ட்ஜாயின் போட்டுக் காற்புள்ளியால் பிரியுங்கள். நடுவில் யுனிக் இல்லாவிட்டால் குறுவைப் பருவத்துக்கு ஒரு தடவை, தாளடிப் பருவத்துக்கு ஒரு தடவை என்று அதே எண் இரண்டு முறை வரும். அப்புறம் குறுவை, சம்பா, தாளடி என மூன்று தலைப்பு வைத்து, உறுப்பினர் எண், பருவம் இரண்டையும் நிபந்தனையாகக் கொடுத்து சம்இஃப்ஸ் (SUMIFS) எழுதினால் சாகுபடிப் பரப்பு வந்துவிடும். எக்செல் 2021, 365, கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் இது ஓடும். 2019இல் டெக்ஸ்ட்ஜாயின் உண்டு, யுனிக்கும் ஃபில்டரும் கிடையாது. கூகுள் ஷீட்ஸுக்குப் போய்விடுவது நல்லது.

டெல்டா கணக்கு சறுக்குவது மொத்தப் பரப்பில்தான். 112/2ஏ என்ற 1.20 ஏக்கரில் ஒருவர் குறுவையும் தாளடியும் போட்டிருந்தால் கூட்டுத்தொகை 2.40 வரும். விதைநெல் கணக்குக்கு அது சரி. ஆனால் அவரிடம் இருக்கிற நிலம் 1.20 ஏக்கர்தான். எனவே ஒரு வரியாக்கும் முன் ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து, இதைக் கூட்டணுமா, ஒட்டணுமா, ஒரே தடவை எடுக்கணுமா என்று முடிவு செய்யுங்கள். நிலப் பரப்பைத் தனி ஷீட்டில், ஊர்ப் பெயரோடு, சர்வே எண்ணுக்கு ஒரு வரியாக வைத்து அங்கிருந்து கூட்டுவதுதான் என் பழக்கம். ஊர்ப் பெயர் எதற்கென்றால், அதே சர்வே எண் பக்கத்து வருவாய் கிராமத்திலும் இருக்கும்.

ஒட்டிய செல்லில் 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதாவது எண் நின்றால் பயப்பட வேண்டாம். 12/3 என்று அடித்ததை எக்செல் தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டு, அந்த எண்களை மட்டும் திரும்ப அடியுங்கள். மாற்றினால் மட்டும் பழைய 12/3 திரும்ப வராது.

கடைசியில் பழைய பட்டியலிலும் புது ஷீட்டிலும் சாகுபடிப் பரப்பின் கூட்டுத்தொகை ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். புது ஷீட்டில் குறைந்தால், யாரோ எங்கோ 'தாலடி' என்று அடித்திருப்பார்கள், அந்த வரி தாளடித் தலைப்பில் சேராது.