கவிதைக்குக் கீழே ஓடும் இசை

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஒரு சின்ன அரங்கில் என் கவிதையை மேடையில் சொன்னேன். நண்பன் லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை கொடுத்தான். ஒரு தோழி புரொஜக்டரில் தன் ஓவியங்களையும் என் வரிகளையும் ஓடவிட்டாள். முடிந்ததும் எல்லோரும் சூப்பர் என்றார்கள். ஒருவர் மட்டும், “கவிதை எதைப் பற்றி?” என்று கேட்டார். கவிதையை இப்படிக் கலப்பதே தவறா?

ர.

அன்புள்ள ர,

தவறில்லை. ஆனால் நீங்கள் இன்னும் கலக்கவே ஆரம்பிக்கவில்லை என்று தோன்றுகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேடையில் இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

லாரி ஆண்டர்சனைக் கேட்டிருக்கிறீர்களா? சிற்பம் படித்த அமெரிக்கக் கலைஞர். 1981இல் அவருடைய ‘ஓ சூப்பர்மேன்’ பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடத்துக்கு வந்தது. 8 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாட்டு என்று சொல்வதே சந்தேகம், பெரும்பாலும் பேச்சு. அதில் தாளம் எது தெரியுமா? ‘ஹ’ என்ற ஒரே எழுத்து. அவருடைய குரலிலிருந்தே எடுத்து லூப்பாக, அதாவது திரும்பத் திரும்ப, ஓடவிட்டது. அதன்மேல் வோகோடர் என்ற, குரலை எந்திரக் குரலாக்கும் கருவி வழியாக அவர் பேசுகிறார், எந்திரமும் மனுஷியும் ஒரே வாயால் பேசுவதுபோல. விஷயம், போன் ஆன்சரிங் மெஷினில் ஓர் அம்மா விட்டுப்போகும் செய்தி. போகப்போக, பேசுவது அம்மாதானா என்று பயம் வருகிறது. 1980இல் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கப்போய் அமெரிக்க ராணுவம் தோற்ற சம்பவம் இதன் பின்னால் இருக்கிறது. எந்திரக் குரலுக்கு அங்கே ஒரு வேலை உண்டு. அது அலங்காரமாக இருந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் அலுத்திருக்கும். வீடியோவில் எனக்கு மறக்காத காட்சி ஒரு வட்ட வெளிச்சம், அதில் மடங்கும் கையின் நிழல்.

அதற்கும் முன்னால், 1977இல், அவர் ஒரு வயலின் செய்தார். வில்லில் குதிரைமுடிக்குப் பதிலாக ஒலிநாடா. வயலினில் நாடாவைப் படிக்கும் ஹெட். வில்லை ஒரு பக்கம் இழுத்தால் பதிவான பேச்சு வரும், மறுபக்கம் இழுத்தால் அதே பேச்சு தலைகீழாக. இதில் எது இசை, எது பேச்சு, எது சிற்பம் என்று பிரிக்கப் பாருங்கள்.

இசையை அப்புறம் சேர்த்தாலும் அமையலாம். இசையோடு கவிதை சொன்ன அமெரிக்கக் கவிஞர் கில் ஸ்காட்-ஹெரானின் 2010 ஆல்பத்திலிருந்து குரலை எடுத்து, ஜேமி எக்ஸ்எக்ஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைக்காரர் 2011இல் புதிதாக இசை கட்டினார். ஆனால் அந்தக் குரலுக்குள்ளேயே நாற்பது வருஷத் தாளம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை.

நானும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் பீட்டோடு கவிதை வாசித்தேன். மைக்கில் ரிவெர்ப் என்ற எதிரொலி வேறு. என் கவிதை ‘அவள் வரவே இல்லை’ என்று முடியும். இறங்கி வந்ததும் ஒரு பெரியவர் கையைப் பிடித்து, “கடைசியில் அந்தப் பெண் வந்துவிட்டாள், நிம்மதி” என்றார். தமிழில் வினை கடைசியில் வரும், ‘இல்லை’ அதற்கும் கடைசியில் வரும். சரியாக அந்த இடத்தில் பேஸ் டிரம் விழுந்திருக்கிறது. ஆங்கிலக் கவிதைக்குப் போடும் பீட்டை அப்படியே எடுத்துப் போட்டால் நமக்கு இந்த விபத்து நடந்துகொண்டே இருக்கும். வரி முடிகிற இடத்தில் இசையை மூச்சுவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், திரையில் வரிகளைப் போட்டது. கூட்டம் உங்களுக்கு முன்பே படித்து முடித்துவிடும். நீங்கள் சொல்லும்போது அது பழைய செய்தி. தோழியிடம் ஓவியம் மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பதிவு இருந்தால் அனுப்புங்கள். இசையோடு ஒன்று, வெறும் குரலில் ஒன்று. குரலை முதலில் கேட்கிறேன்.