அண்ணன் தாக்கல் செய்த கணக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது அப்பா காலமானார். இப்போது 24 மாதமாகிறது. மரண சாசனம் எழுதி வைக்கவில்லை. எங்கள் பூர்வீகம் இராமநாதபுரம் பக்கம். புறக்கோட்டையில் புடவைக்கடை, இங்கே ஒரு வீடு, மேல்மாடி வாடகைக்கு. புதுக்கடை மாவட்ட நீதிமன்றம் அப்பாவின் சொத்துக்கு அண்ணனை நிர்வாகியாக நியமித்தது. போன மாதம் அவர் இறுதிக் கணக்கைக் கொடுத்திருக்கிறார். அதில் வாடகை மாதம் 35,000 வீதம் 14 மாதத்துக்கு. அங்கே வாடகைக்கு இருக்கும் அக்காவோ தொடக்கத்திலிருந்தே 55,000 கொடுப்பதாகச் சொல்கிறார். வீட்டுத் திருத்த வேலை 1,850,000 ரூபாய், அதற்கு ஒரே ஒரு துண்டுச் சீட்டு. நடக்க முடியாத தம்பிக்காக அப்பா உயிரோடு இருக்கும்போதே உறுதி எழுதி, நிலையான வைப்புப் போட்டு ஒரு ட்ரஸ்ட் வைத்தார். அதற்கும் அண்ணன்தான் பொறுப்பு. 'கணக்குக் கேட்டு அம்மாவை அழ வைக்கப் போகிறாயா?' என்கிறார். விட்டுவிடவா?"

அன்புச் சகோதரிக்கு,

விட வேண்டாம். அண்ணன் அம்மாவின் பெயரைச் சொல்லி உங்களைத் தடுக்கிறார். எனவே முதலில் அம்மாவின் பங்கைப் பார்ப்போம். உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது இலங்கையின் 1876ஆம் ஆண்டின் வழியுரிமைக் கட்டளைச் சட்டம். மரண சாசனம் இல்லாதபோது பாதி மனைவிக்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள் என்றால் உங்களுக்கு ஆறில் ஒன்று. (யாழ்ப்பாணத்துப் பூர்வீகம் உள்ளவர்கள் இந்தப் பங்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று வழியே வேறு. முஸ்லிம் குடும்பங்களுக்கும் தனிச் சட்டம் உண்டு.)

இனி வாடகை. மாதம் 20,000 குறைத்துக் காட்டியதில் 14 மாதத்துக்கு 280,000. அப்பா போய் 24 மாதமாகிறது, கணக்கில் இருப்பது 14 மாதம். மற்றப் பத்து மாதம் எங்கே? மேல்மாடி அப்போது காலியாக இருந்ததா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். காலியாக இருக்கவில்லை என்றால் அது இன்னொரு 550,000. மொத்தம் 830,000. இதில் உங்கள் பங்கு 138,000 சொச்சம். அம்மாவின் பங்கு 415,000. அம்மாவை அழ வைக்கக் கூடாது என்று சொல்பவர், அம்மாவின் நாலு லட்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே! நீதிமன்றம் கொடுத்த நிர்வாகப் பத்திரம் கைக்கு வருமுன் வாங்கிய வாடகை என்று அவர் சொல்லக்கூடும். அதுவும் அப்பாவின் சொத்திலிருந்து வந்த பணம்தான். அவர் கைக்கு வந்திருந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் சட்டத்தரணியாக இருந்த காலத்தில் கண்டது ஒன்று. கணக்கோடு வருகிற பிள்ளைகள் எல்லாரும் செலவுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். கருமாதிக்கு இவ்வளவா, பந்தலுக்கு இவ்வளவா என்று அதிலேயே நிற்பார்கள். அந்தச் செலவு நியாயமான அளவில் இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் ஏற்கும். அதில் உங்கள் கோபத்தைச் செலவழிக்காதீர்கள். பெரிய தொகை பெரும்பாலும் வரவுப் பக்கத்தில், எழுதாமல் விட்ட இடத்தில் இருக்கும்.

அதனால் முதல் வேலையாக, உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியை வைத்து, வழக்கேட்டிலிருந்து இரண்டு பத்திரங்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். வழக்குத் தொடங்கும்போது அண்ணன் கொடுத்த சொத்து விபரம் ஒன்று, இப்போது கொடுத்த கணக்கு மற்றொன்று. மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, முதலாவதில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாவதில் என்ன நடந்தது என்று ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

கடையை மறந்துவிடாதீர்கள். தீபாவளிக்கு மூன்று கிழமைக்கு முன் புறக்கோட்டைப் புடவைக்கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கூரை வரை சரக்கு, நடக்க இடமிருக்காது. அப்பா இறந்த அன்று இருந்த சரக்கின் பெறுமதி கணக்கில் இருக்கிறதா? அந்தத் தீபாவளி வியாபாரம் இருக்கிறதா? கடனுக்குக் கொடுத்தவர்கள் பெயர் எழுதிய கொப்பி யாரிடம்? அதே நேரம், அப்பா மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியதும் இருந்திருக்கும். அதை அண்ணன் அடைத்திருந்தால் அந்தக் கழிவு அவருக்கு நியாயமானது. அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

திருத்த வேலைச் சீட்டுக்கு வருவோம். 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 551ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: நிர்வாகப் பத்திரம் கிடைத்து 12 மாதத்துக்குள் நிர்வாகி உண்மையான இறுதிக் கணக்கைச் சத்தியம் செய்து, பற்றுச்சீட்டுகளையும் இணைத்துக் கொடுக்க வேண்டும். பதினெட்டரை லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு போதுமா? சீமெந்து, மணல், பெயின்ட் வாங்கிய பில் இருக்க வேண்டும், மேசனுக்குக் கொடுத்த நாட்கூலி இருக்க வேண்டும், வங்கியிலிருந்து அந்தப் பணம் வெளியே போன தடம் இருக்க வேண்டும். சீட்டின் திகதியைப் பாருங்கள். அந்த மாதத்தில் வேலையாட்கள் வந்தார்களா என்று மேல்மாடி அக்காவுக்குத் தெரியும். வேலை நடந்தது உண்மைதான் என்றாலும் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒழுகிய கூரையைத் திருத்தினாரா, தான் குடியிருக்கும் பகுதிக்கு டைல்ஸ் போட்டாரா? முதலாவது எல்லாருடைய செலவு, இரண்டாவது அவருடையது.

தம்பியின் ட்ரஸ்ட் வேறு விடயம். அப்பா உயிரோடு இருக்கும்போதே அதற்கென்று ஒதுக்கிய வைப்பு இந்த வழக்கின் சொத்தில் சேராது. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் (ட்ரஸ்ட்) கட்டளைச் சட்டப்படி பொறுப்பாளர் தெளிவான கணக்கு வைத்திருக்க வேண்டும். பயனாளி கேட்டால் விபரம் கொடுக்க வேண்டும். அண்ணனின் கணக்கில் தம்பியின் மருந்துச் செலவு வருகிறதா என்று தேடுங்கள். மருந்து அப்பாவின் சொத்திலிருந்து போயிருந்தால், தம்பிக்காகவே போட்ட வைப்பின் வட்டி எங்கே போனது? இதைத் தம்பியே கடிதம் எழுதிக் கேட்கட்டும். அவருக்குக் கால்தான் நடக்காது. தன் பணத்தைப் பற்றி அவரிடம் யாராவது பேசினார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நீதிமன்றத்துக்கு முன் அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாடகை, சரக்கு, திருத்த வேலை என்று உருப்படி உருப்படியாக, இரண்டு கிழமைக்குள் ஆவணங்களைக் காட்டச் சொல்லுங்கள். "மோசடி", "திருட்டு" என்ற சொற்கள் வேண்டாம். அவரிடம் நல்ல விளக்கம் இருக்கவும் கூடும். அப்படியானால் உங்களைவிடச் சந்தோஷப்படப் போவது யார்? பேசித் தீர்த்தால், தீர்த்ததை வழக்கிலேயே பதியச் செய்யுங்கள். வீட்டு வாசலில் கொடுத்த வாக்கு வேண்டாம்.

பதில் வராவிட்டால், கணக்கின் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிராக எழுத்தில் ஆட்சேபனை போட்டு, கணக்கை நீதிமன்றமே விசாரித்துத் தீர்க்கும்படி கேட்கலாம். விசாரணையில் அண்ணன் கூண்டில் ஏறி விளக்க வேண்டியிருக்கும். குடியிருப்பவரைச் சாட்சியாக அழைக்கலாம், வங்கிக் கூற்றுகளை வரவழைக்கலாம். காட்ட முடியாத செலவை நீதிபதி தள்ளலாம். மறைத்த வரவை அண்ணனின் பங்கில் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம். நிலைமை மோசமானால் நிர்வாகப் பத்திரத்தையே மீளப் பெற்று வேறொருவரை நியமிக்கவும் வழியுண்டு. வீட்டை விற்கப் போகிறார் என்று காதில் விழுந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றே சட்டத்தரணியிடம் போய்த் தடையுத்தரவுக்கு வழி கேளுங்கள். பணம் தட்டுப்பாடு என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகிப் பாருங்கள்.

புதுக்கடையில் வழக்கு சிங்களத்தில் நடக்கும். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் பங்குகொள்ளவும் மொழிபெயர்ப்பைப் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம், அம்மா. "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடதாசியில் அண்ணன் அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். வாங்கியிருந்தால் அதையும் உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றால், கணக்கைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு, அண்ணன் கடைக்குப் போன ஒரு முற்பகலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வாடகை வரியில் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த மேல்மாடியை அவரும் அப்பாவும் சேர்ந்து கட்டியிருப்பார்கள். அதற்கு என்ன வாடகை வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.