ஆனி வெயிலில் சில்லென்ற கடல்

வணக்கம் ஐயா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்கும் மணல் சுட்டது. அலையில் கால் நனைத்த மகளோ "ஐஸ் தண்ணிப்பா" என்று துள்ளி ஓடிவந்தாள். நானும் இறங்கிப் பார்த்தேன், உண்மைதான். மார்கழியில் ஊரே குளிரும்போது இதே கடல் வெதுவெதுப்பாக இருந்தது நினைவிருக்கிறது.

நாற்பது வருடம் கடலுக்குப் போன என் சித்தப்பாவிடம் கேட்டேன். "கச்சான் காத்து நாலு நாள் விடாம அடிச்சா அடித்தண்ணி மேல வந்துடும், சில்லுனுதான் இருக்கும்" என்றார். என்னோடு வேலை பார்க்கும் நண்பர், கோடையில் இமயமலைப் பனி உருகி கங்கை வழியாக வங்கக் கடலுக்கு வருவதால் வரும் குளிர்ச்சி அது என்கிறார். எது சரி? காற்று கடலின் மேல்தானே வீசுகிறது? அடியில் இருக்கும் நீரை அது எப்படி மேலே கொண்டுவரும்?

கு.

அன்புள்ள கு.,

உங்கள் சித்தப்பா சொன்னது சரி. "அடித்தண்ணி மேல வந்துடும்" என்ற மூன்று சொற்களைத்தான் கடலியல் பாடங்கள் பல பக்கங்களில் விரித்துச் சொல்கின்றன. நண்பரின் பதில் தவறு, ஆனால் ஒதுக்கிவிட வேண்டிய தவறு அல்ல. இமயத்து நீர் கடலூருக்கு வரத்தான் செய்கிறது, வேறொரு மாதத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. வைகாசி, ஆனி மாதங்களில் நம் கரையில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது, அதுதான் கச்சான். அதில் ஒரு பங்கு கரையை ஒட்டி வடக்கு நோக்கி வீசுகிறது. அப்படியானால் மேல்தண்ணீரும் வடக்கேதான் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே பூமி சுழல்கிறது. அதனால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் விலகும். 1893இல் 'ஃப்ராம்' என்ற கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டு அந்தப் பனியோடு மிதந்த நார்வே நாட்டு ஆய்வுப் பயணி நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் போகாமல் அதற்கு வலப்புறமாக விலகிப் போவதைக் குறித்துவைத்தார். 1905இல் ஸ்வீடன் நாட்டுக் கடலியலாளர் எக்மன் அதைக் கணக்காக எழுதினார். மேல் அடுக்கைக் காற்று இழுக்கிறது, மேல் அடுக்கு தனக்குக் கீழுள்ளதை இழுக்கிறது, கீழே போகப் போக ஒவ்வோர் அடுக்கும் இன்னும் சற்று வலப்பக்கம் திரும்பி, இன்னும் மெதுவாகப் போகிறது. எல்லா அடுக்குகளையும் சேர்த்துக் கூட்டினால், தண்ணீர் மொத்தமாக நகர்வது காற்றுக்கு நேர் செங்குத்தாக வலப்பக்கம்.

சில்வர் பீச்சில் வடக்கு பார்த்து நின்று வலக்கையை நீட்டுங்கள். கை காட்டுவது கிழக்கு, உள்கடல். கரையோர மேல்தண்ணீர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. போன இடத்தை எது நிரப்பும்? மேற்கே நிலம். வடக்கே புதுச்சேரியிலும் தெற்கே பரங்கிப்பேட்டையிலும் இதே கதைதான். தண்ணீர் வரக்கூடிய திசை ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: கீழே.

சித்தப்பா "நாலு நாள் விடாம" என்று சொன்னார் பாருங்கள், அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடலூர் நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரிக்கும் சற்றுக் குறைந்த தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே பூமிச் சுழற்சியின் திருப்பம் பலவீனமானது. ஓடவிட்ட தண்ணீர் இந்தத் திருப்பத்தால் மட்டும் ஒரு முழு வட்டம் அடிக்க ஏறத்தாழ 59 மணி நேரம், அதாவது இரண்டரை நாள் பிடிக்கும். ஒருநாள் அடித்து ஓய்ந்த காற்றால் இந்த வேலை நடக்காது. காற்று சில நாட்கள் நின்று வீச வேண்டும். எந்தச் சூத்திரமும் இல்லாமல், கையை நீரில் வைத்துப் பார்த்தே அவர் அந்தக் கால அளவைக் கண்டிருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது.

இனி, அடித்தண்ணீர் ஏன் குளிராக இருக்கிறது? எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வங்கக் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரியில் இருக்கும்போது 200 மீட்டர் ஆழத்தில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும். 1000 மீட்டரில் 7 டிகிரிக்கும் குறைவு. 3000 மீட்டரில் கிட்டத்தட்ட 2 டிகிரி. இத்தனை லட்சம் ஆண்டுகள் வெயில் காய்ந்தும் அடி சூடாகவில்லை. 1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயர், அடிமை வணிகக் கப்பல் ஒன்றின் தலைவர், அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் மூடியிட்ட வாளியைக் கயிற்றில் இறக்கி ஆழத்து நீரை எடுத்தார். அது குளிர்ந்திருந்தது. குளிக்கவும் மதுவைக் குளிரவைக்கவும் அதைப் பயன்படுத்தினார். அந்த நூற்றாண்டின் முடிவில் இயற்பியலாளர் ரம்ஃபோர்ட் அதன் பொருளைச் சொன்னார்: வெப்பமண்டலத்தில் எந்தக் குளிர்காலமும் இந்த நீரை இவ்வளவு குளிர்வித்திருக்க முடியாது, ஆகவே இது துருவங்களிலிருந்து அடியோடு ஊர்ந்து வந்தது.

துருவ நீர் மூழ்குவதற்கு உப்புதான் காரணம். நல்ல தண்ணீர் 4 டிகிரியில் மிக அடர்த்தியாகி, அதற்குக் கீழே குளிர்ந்தால் மறுபடி லேசாகிவிடும். அதனால்தான் குளிர்நாடுகளின் ஏரிகளில் மேலே மட்டும் பனி மூடுகிறது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு அந்தத் திருப்பம் கிடையாது. உறையும் வரை, அதாவது சுழியத்துக்குக் கீழே 1.9 டிகிரி வரை, கனம் கூடிக்கொண்டேதான் போகும். உறையும்போது பனி உப்பை வெளியே தள்ளிவிடுவதால் மிஞ்சும் நீர் இன்னும் கனமாகி மூழ்கும். இந்தியப் பெருங்கடலின் வடக்கை ஆசியா அடைத்துக்கொண்டிருப்பதால் நம் அடித்தளத்துக் குளிர் தெற்கிலிருந்துதான் வர முடியும். அண்டார்க்டிகாவின் பக்கத்திலிருந்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளின் காலைத் தொட்டது அந்த அடித்தளத்து நீர் அல்ல. கச்சான் மேலே கொண்டுவருவது சில பத்து மீட்டர் ஆழத்து நீரைத்தான். ஆனால் கீழே அந்தக் குளிர்ப் பாய் விரிந்திருப்பதால்தான் வெப்பநீர் இவ்வளவு மெல்லிய அடுக்காக மேலே நிற்கிறது.

இப்போது நண்பரின் இமயமலை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், மகளையும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். ஃபிரிஜ்ஜில் வைத்த நல்ல தண்ணீரில் கொஞ்சம் மை கலந்து, கரண்டியின் முதுகில் விட்டு, அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள். குளிர்ந்த நீர் மேலேயே நிற்கும். நம் கடலின் வெப்பநிலையில் கிலோவுக்கு ஒரு கிராம் உப்பு குறைந்தால் கிடைக்கும் லேசு, இரண்டு டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கிடைப்பதற்குச் சமம். ஆற்றுநீர் கடலுக்குள் வந்ததும் மேலே பரவி, வெயிலில் காய்ந்து, சில நாட்களிலேயே கடலின் சூட்டுக்கு வந்துவிடும். வங்காளத்திலிருந்து இங்கு வரும்வரை அதில் இமயத்துக் குளிர் மிஞ்சாது.

ஆனால் அந்த நீர் வருகிறது. ஆடி, ஆவணியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் பெருக்கெடுத்துக் கொட்டும் வெள்ளத்தை, ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கே ஓடும் கரையோர நீரோட்டம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலத்தில் இழுத்துவருகிறது. இதைக் கண்டுபிடித்ததில் கடலோடிகளுக்கு நேரடிப் பங்குண்டு. 2005 முதல் இந்தியக் கரையோரத்தில் பல ஊர்களில் மீனவர்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை கடல்நீரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த அளவீடுகளை வைத்து கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தவரும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட கட்டுரை இதைக் கடலுக்குள் ஓடும் ஆறு என்றே அழைத்தது. வடக்குக் கரையில் உப்பு கிலோவுக்கு 10 கிராமுக்கும் மேல் குறைகிறது. அந்த நீர் தென்முனையை எட்ட இரண்டரை மாதம் ஆகிறது. வழியில் கோதாவரியும் கிருஷ்ணாவும் சேர்கின்றன, நம் ஊரில் தென்பெண்ணையும் கெடிலமும். ஆகவே கெடிலம் முகத்துவாரத்தில் நின்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இது கங்கை என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் மார்கழி வெதுவெதுப்புக்கும் இங்கே விடை இருக்கிறது. அப்போது காற்று வாடை, வடகிழக்கிலிருந்து வருவது. எக்மன் கணக்குப்படி மேல்தண்ணீரைக் கரைநோக்கித் தள்ளும். அடித்தண்ணீர் மேலே வர வழியில்லை. போதாததற்கு உப்புக் குறைந்த நீர் மூடிபோல் மேலே கிடக்கிறது. அதைக் கலக்கிக் கீழே அனுப்பக் காற்றுக்குப் பெரிய பலம் வேண்டும். கடலின் சூடு அந்த மூடியிலேயே தங்குகிறது. பொதுவாகப் புயல் தன் கீழேயுள்ள குளிர்நீரைக் கலக்கி மேலே கொண்டுவந்து தானே தளரும். மூடி கெட்டியாக இருந்தால் அந்தத் தளர்ச்சி குறையும். 2011 டிசம்பர் 30இல் 'தானே' என்ற புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கு இது வெறும் பாடமாக இருக்காது. தானேவுக்கு உப்புதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்கக் கடலில் புயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் உப்பையும் அளக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில், கச்சான் தொடங்குவதற்கு முன்பே, நீரோட்டம் வடக்கே திரும்பிவிடுகிறது. அதற்கு நம் கரையில் வீசும் காற்று போதாது. வங்கக் கடலின் நடுவிலும் நிலநடுக்கோட்டருகிலும் வீசும் காற்றின் விளைவுகள் மெதுவாக நகர்ந்து வந்து இங்கே சேர்வதும் காரணம். வலை விரிக்கும்போது அந்தத் திருப்பத்தை அவர் எந்த அடையாளத்தால் அறிந்துகொள்வார்? அந்த நீரோட்டத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் என்ன? அவர் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.