தீவுக்கு ஒரு நாள் பயணம்: முதலில் தொகையைப் பேசுங்கள்

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள். வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அருகிலுள்ள ஒரு தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று நீண்ட நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. ஏற்பாடு முழுவதும் வழக்கம்போல என்னிடம் வந்துவிட்டது. சென்ற முறை வெளியூர் போனபோது எல்லாவற்றுக்கும் நானே பணம் கட்டினேன். இருவரிடமிருந்து பாக்கி இன்னும் வரவில்லை. இப்போது நண்பர்களில் ஒருவர் பழைய வேலையை விட்டுவிட்டுப் புதிய வேலைக்காகக் காத்திருக்கிறார். வருகிறேன் என்கிறார், ஆனால் குரலில் தயக்கம் தெரிகிறது. இன்னொருவர், தனிப் படகு பிடித்தால் ஆறு பேருக்குப் பகிரும்போது மலிவு என்கிறார். என் அவசரகாலச் சேமிப்பிலிருந்தோ கிரெடிட் கார்டிலோ முன்பணம் கட்டிவிட்டு, பிறகு எல்லோரிடமும் வசூலித்துக்கொள்ளலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சேமிப்பிலிருந்தும் வேண்டாம், கார்டிலும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது படகுக் கட்டணம் அல்ல. ஆறு பேரும் ‘குறைந்த செலவு’ என்கிறீர்கள், ஒருவரும் தொகையைச் சொல்லவில்லை என்ற வரிதான் கவலை தந்தது. ஒரு நாள் பயணத்தின் செலவு கைமீறிப் போவதற்கு, போன இடத்தின் விலைவாசியைவிட, புறப்படும் முன் பேசாமல் விட்டதே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே படகு தேடுவதைச் சில நாள் தள்ளிவையுங்கள்.

ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து ஒரே கேள்வி கேளுங்கள். “வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்பும் வரை, கடன் வாங்காமல், வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் வைத்திருப்பதைத் தொடாமல், இந்தப் பயணத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தர முடியும்?” குழுவாகப் பேசும்போது இதைக் கேட்காதீர்கள். முதலில் ஒருவர் பெரிய தொகையைச் சொல்லிவிட்டால், அடுத்தவர் தன் மனத்திலிருந்த சிறிய தொகையை விழுங்கிவிடுவார். வந்த ஆறு தொகைகளில் மிகச் சிறியது எதுவோ அதுதான் பயணத்தின் பட்ஜெட். சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் குழுவில் சிலருக்காவது அது தாங்க முடியாத தொகையாக இருக்கும். அவர்களும் வாய்திறக்க மாட்டார்கள். யார் எவ்வளவு சொன்னார் என்பது உங்களோடு நிற்கட்டும். முடிவான தொகை மட்டும் எல்லோருக்கும் தெரிந்தால் போதும்.

வேலைக்காகக் காத்திருக்கும் நண்பரின் பங்கை மற்ற ஐவரும் போட்டுக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த எண்ணத்தில் அன்பு இருக்கிறது. ஆனாலும் அதை எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் அவரால் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவருக்கு எட்டும் அளவில் திட்டத்தை அமைப்பதுதான் நட்புக்கு நல்லது. அவர் சொல்லும் தொகை டிக்கெட்டுக்கே போதவில்லை என்றால், அவருக்குச் சம்பளம் வரத் தொடங்கும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆறு பேரும் சேர்ந்து போக வேண்டும் என்பதுதானே உங்கள் ஆசை?

இனி படகுக்கு வருகிறேன். பயணிகள் படகில் ஆளுக்கு ஒரு டிக்கெட். தனிப் படகில் எத்தனை பேர் ஏறினாலும் ஒரே வாடகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, தனிப் படகின் முழு வாடகையை ஒருவர் போய்வருவதற்கான டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். விடை 9 என்றால், ஒன்பது பேர் இருந்தால்தான் இரண்டும் சமம். ஆறு பேருக்கு ஒன்றரை மடங்கு செலவாகும். விடை 5 என்றால் நண்பர் சொல்வது சரி. ஆனால் ஆறு பேரும் வந்து சேர்ந்தால் மட்டுமே சரி. கடைசி நாளில் இருவர் பின்வாங்கினால், மீதமுள்ள நால்வரின் பங்கும் அப்படியே 50 சதவீதம் ஏறிவிடும். டிக்கெட்டில் போயிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைப்போல ஒன்றேகால் பங்கு ஒவ்வொருவரும் கொடுக்க நேரும். பயணிகள் படகில் இந்தப் பயமே இல்லை; வராதவருடைய டிக்கெட் வராதவரின் நட்டம். உங்கள் குழுவில் இரண்டு பேர் பாக்கி வைத்திருக்கிறார்கள், ஒருவர் தயங்குகிறார். இந்த நிலையில் விடை 5 என்று வந்தாலும் நான் பயணிகள் படகையே தேர்ந்தெடுப்பேன்.

தனிப் படகுதான் என்று முடிவானால், வாடகையில் எரிபொருளும் தீவில் காத்திருக்கும் நேரமும் அடக்கமா, இறங்குதுறைக் கட்டணம் தனியா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றும் படகு, உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இல்லாத படகு, இவை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். சிக்கனம் பார்க்கும் இடம் இது இல்லை.

எந்த நேரத்துப் படகு என்பதும் பணக் கணக்குதான். முதல் படகில் போனால் தீவில் எட்டு மணி நேரம் கிடைக்கும், நண்பகல் படகில் போனால் நான்கு மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் ஒரே விலை என்றால், தாமதமாகக் கிளம்புவோர் ஒரு மணி நேரத்துக்கு இருமடங்கு கொடுக்கிறார்கள். அதிகாலையில் துறைக்கு வந்துசேர யாராவது டாக்ஸி பிடிக்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். வார நாளில் கூட்டமும் சில இடங்களில் கட்டணமும் குறைவாக இருக்கும். ஆனால் அதற்காகச் சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர் குழுவில் இருந்தால், அவருக்கு அது சிக்கனம் இல்லை.

திரும்பும் படகைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தப் பயணத்தின் பட்ஜெட்டை ஒரே அடியில் உடைக்கக்கூடியது அதுதான். கடைசிப் படகைத் தவறவிட்டால் ஆறு பேருக்கும் தங்கும் அறை, இரவு உணவு, மறுநாள் டிக்கெட், சிலருக்கு மறுநாள் சம்பளம் என்று எல்லாம் ஒன்றாகச் சேரும். அதனால் திரும்பும் டிக்கெட்டையும் நேரம் குறித்து இப்போதே எடுத்துவிடுங்கள். கடைசிப் படகுக்கு எடுக்காமல் அதற்கு முந்தைய படகுக்கு எடுங்கள். அது தவறினாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும். நேர அட்டவணையையும் பயண நாளுக்கு உரியதாகப் பாருங்கள். பல கடற்கரைகளில் ஒரு கடல் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 8 மணிக்கு வந்த ஏற்றம் நாளை 8.50-ஐ ஒட்டி வரும். ஆழம் குறைந்த துறைகளில் படகு கிளம்பும் நேரம் இதைச் சார்ந்தே அமைகிறது. அங்கே, சென்ற வாரம் போய்வந்தவர் சொல்லும் நேரத்தை நம்பிப் போகக் கூடாது.

காற்றும் அலையும் அதிகமாக இருந்தால் படகை ரத்து செய்வார்கள். அப்படி அவர்களே ரத்து செய்தால் பணத்தைத் திருப்பித் தருவதா, வேறு நாள் தருவதா என்பது டிக்கெட்டின் நிபந்தனைகளில் இருக்கும். நீங்களாக ரத்து செய்தால் விதி வேறு. இரண்டையும் படியுங்கள். தீவில் வாடகை சைக்கிள், சுற்றிக்காட்டும் வண்டி போன்றவற்றுக்கு முன்கூட்டிப் பணம் கட்டிவிட்டால், படகு ஓடவில்லை என்ற காரணத்துக்காக அவர்கள் திருப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முன்பதிவு டிக்கெட்டோடு நிற்கட்டும்.

படகு ஓடுகிறது, ஆனால் வானிலை மோசமாக இருக்கிறது, பணம் கட்டியாயிற்றே, போய்விடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்வார். ஆர்க்ஸ், புளூமர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி ஒரு கேள்வி கேட்டார்கள்: இரண்டு பயணங்களுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள், இரண்டும் ஒரே நாளில் வருகின்றன, பணம் திரும்பாது, ஒன்று விலை அதிகம், மற்றது விலை குறைவு, ஆனால் அதில்தான் உங்களுக்கு மகிழ்ச்சி அதிகம். எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டோர் விலை அதிகமான பயணத்தைத் தேர்ந்தார்கள். கட்டிய பணம் போனாலும் போகாவிட்டாலும் திரும்பாது. அன்று காலை முடிவெடுக்கும்போது, இனி ஆகப்போகும் செலவையும் அந்த நாள் எப்படி இருக்கும் என்பதையும் மட்டும் எடைபோடுங்கள்.

இப்போது வசூல். டிக்கெட்டுக்கும் துறைக்குப் போய்வரும் செலவுக்கும் ஆன முழுத் தொகையையும் முன்பதிவுக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். ஒரு தேதி சொல்லுங்கள். அந்தத் தேதிக்குள் யாருடைய பணம் வந்ததோ அவர்களுக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். இதில் கடுமை எதுவும் இல்லை. நீங்கள் ஏற்பாட்டாளர், வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் அல்லர். இந்த முறையில் உங்கள் கைக்காசு ஒரு நாள்கூட முடங்காது. சேமிப்பா கார்டா என்ற கேள்விக்கே இடம் இருக்காது.

தீவுக்குப் போன பிறகு ஆகும் செலவில் எதைப் பொதுவில் வைப்பது? எல்லோரும் ஒரே அளவில் பயன்படுத்துவதை மட்டும் வையுங்கள். சாப்பாட்டை அவரவர் கணக்கில் விடுவதே நியாயம். யூரி நீசி உள்ளிட்ட மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், உணவகத்தில் ஆறு ஆறு பேராக அமரவைத்துப் பார்த்தார்கள். பில்லைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள், அவரவர் பில்லை அவரவர் கட்டியவர்களைவிடக் கணிசமாக அதிகம் வரவழைத்தார்கள். அவர்களுக்குப் பேராசை என்று இதற்குப் பொருள் இல்லை. நான் கூடுதலாக வாங்கும் ஒன்றின் விலையில் ஆறில் ஐந்து பங்கை மற்றவர்கள் கட்டுகிறார்கள் என்றால் கை தானாக நீளும். அந்த மேசையில் எளிய உணவோடு நிறுத்திக்கொள்ள நினைத்தவருக்குத்தான் நட்டம். உங்கள் குழுவில் அவர் யாராக இருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

தீவில் எல்லாப் பொருளும் படகில் வந்து இறங்க வேண்டும், கடைகளும் குறைவு, ஆகவே விலை கூடத்தான் செய்யும். உணவையும் தண்ணீரையும் கொண்டுபோங்கள். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் ஆறு பேருக்கு 12 கிலோ எடை. ஒருவர் தலையில் கட்டாமல் அவரவர் பையில் பிரித்து வையுங்கள்.

இதற்கு மேல், ஒரு இரவு தங்க நேர்ந்தால் ஆகும் தொகையை ஒவ்வொருவரும் தம்மிடம் தனியாக வைத்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியாவது ரொக்கமாக இருக்கட்டும். சிறிய தீவுகளில் செல்போன் சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும், ஏடிஎம் இல்லாமலும் இருக்கலாம். இது பயணச் செலவு அல்ல, தொடாமல் திரும்பிக் கொண்டுவர வேண்டிய பணம். பட்ஜெட்டோடு இதைச் சேர்க்காதீர்கள்.

உங்கள் அவசரகாலச் சேமிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை போனாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ மூன்று முதல் ஆறு மாத வீட்டுச் செலவைத் தாங்குவதற்கான பணம் அது. முன்கூட்டியே தெரிந்த ஒரு பயணம் அவசரம் ஆகாது. அடுத்த சில சம்பளங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தனியே எடுத்துவையுங்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது போதும். கார்டில் கட்டி, நண்பர்கள் பணம் தரத் தாமதித்து, முழு நிலுவையையும் கெடுவுக்குள் அடைக்க முடியாமல் போனால் வட்டி உங்கள் தலையில் விழும். கார்டில் ரொக்கமாக எடுத்தால் பொதுவாக முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

பழைய பாக்கியைப் புதிய பயணத்தின் கணக்கில் கலக்காதீர்கள். அந்த இருவருக்கும் தனித்தனியாக, அன்றைய செலவு விவரத்தோடு, எத்தனை பேர், பங்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். அவர்கள் மறந்தே போயிருக்கலாம். நீங்கள் சொன்னது பொத்தாம்பொதுவாக இருந்ததால் தொகை தெரியாமலும் இருக்கலாம். ஒரே முறையில் கட்ட முடியாது என்றால் இரண்டு தவணை கொடுங்கள். பழையதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, புதியதற்கும் நீங்களே முன்பணம் கட்டுவதுதான் இந்த நட்பில் கசப்பைச் சேர்க்கும்.

பயணம் முடிந்த அன்றிரவே, பொதுப் பணத்தில் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, மீதி எவ்வளவு என்று எழுதி ஆறு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். மீதியை அடுத்த பயணத்துக்கு என்று உங்களிடம் வைத்துக்கொள்ளாமல், சின்னத் தொகையாக இருந்தாலும், அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.