வார இறுதி பிஜிஎம்ஐ, 4,200 ரூபாய் பாக்கி, இதில் புதுப் போன் வேறா?

கேள்வி: கோவையில் பிசிஏ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஹாஸ்டல், மெஸ் ஃபீஸ் அப்பா கட்டுகிறார், கைச்செலவுக்கு மாதம் 2,000 அனுப்புகிறார். அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை மாதம் 1,000 வருகிறது. முகூர்த்த நாட்களில் கேட்டரிங் போனால் மாதம் 1,800 வரை கிடைக்கும். வெள்ளி இரவு முதல் ஞாயிறு வரை ரூம்மேட்ஸுடன் பிஜிஎம்ஐ என்கிற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம்தான். பே லேட்டர் (இப்போது வாங்கி, பிறகு பணம் கட்டும்) ஆப்பில் 4,200 பாக்கி. போன் லேக் ஆகிறது, 32,000 ரூபாய் போனை அப்பா பெயரில் நோ காஸ்ட் இஎம்ஐயில் எடுக்கலாமா? நண்பன் பணம் கட்டி ஆடும் ரூம் மேட்ச்சுக்குக் கூப்பிடுகிறான், ஜெயித்தால் கடனை அடைக்கலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம் தம்பி.

விளையாடாதே என்று சொல்ல மாட்டேன். வாரம் முழுக்க லேப், ரெக்கார்டு நோட் என்று ஓடிவிட்டு சனிக்கிழமை நாலு பேர் ஸ்குவாடு போட்டு ஆடுவதில் தப்பே இல்லை, ஆட்டமும் இலவசம். உங்கள் பணம் கரைகிற இடம் ராத்திரி ஒரு மணிக்குத் திறக்கிற க்ரேட், அதாவது உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு போட்டுத் திறக்கிற கேம் பெட்டி. முதல் க்ரேட்டில் ஒன்றும் வராது, அடுத்ததில் வந்துவிடும் என்று தோன்றும், யுபிஐ பின் அடிக்க மூன்று விநாடி போதும். கையிலிருந்தது யூசிக்கு (கேமுக்குள் செல்லும் காசு) போய்விடுவதால் ஞாயிறு மதியப் பிரியாணி பே லேட்டரில் ஏறுகிறது. ஆப்பில் பிரியாணிக் கணக்காகத் தெரிந்தாலும் அது க்ரேட் வைத்த கடன்தான். வாங்கின ஸ்கின்னை (கேமில் உடை, துப்பாக்கிக்கான அலங்காரம்) விற்றுக் காசாக்கவும் முடியாது. 2022 ஜூலையில் இந்த கேமே ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது, மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் இஎம்ஐ. 12 மாதம் என்றால் மாதம் சுமார் 2,670 ரூபாய். உங்கள் சம்பாத்தியமே 1,800, அதுவும் முகூர்த்தம் உள்ள மாதத்தில். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் வரும். ஒரு தவணை தவறினாலும் பவுன்ஸ் சார்ஜ் விழும், அப்பாவின் சிபில் ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், இறங்கும். நாளைக்கு எம்சிஏ சேரக் கல்விக் கடன் கேட்டுப் போனால் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடப் போகிறவரும் அவர்தானே. நோ காஸ்ட் என்றாலும் பெரும்பாலும் ப்ராசஸிங் ஃபீ உண்டு, ரொக்கமாக வாங்கினால் கிடைக்கிற தள்ளுபடியும் பல இடங்களில் கிடைக்காது.

முதல் வேலை, பே லேட்டரை முடிப்பது. அதுவும் உங்கள் பான் எண்ணில் பதிவாகிற கடன்தான். கேட்டரிங் பணத்தில் மாதம் 1,400 போட்டால் மூன்று மாதத்தில் தீரும். தாமதக் கட்டணம் ஏறுகிறது என்றால் அப்பாவிடம் சொல்லி ஒரே தடவையில் கட்டிவிட்டு அவருக்குத் திருப்பிக் கொடுங்கள், திட்டு விழும், பரவாயில்லை. கட்டி முடித்ததும் கணக்கை மூடச் சொல்லிக் கேளுங்கள், ஆப்பை அழித்தால் மட்டும் கணக்கு மூடாது.

மீதி 400 உங்கள் கேம் பணம். கூகுள் ப்ளேயில் இருக்கிற யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மாதத் தொடக்கத்தில் அந்தத் தொகைக்கு ரீசார்ஜ் கோடு வாங்கிப் போடுங்கள், தீர்ந்தால் அடுத்த மாதம்தான். ப்ளே ஸ்டோரில் பட்ஜெட் வைக்கிற வசதி இருக்கிறது, ஆனால் அது எச்சரிக்குமே தவிர வாங்குவதைத் தடுக்காது. ஆடி வந்தால் கேம் பணம் பூஜ்யம், சரியா?

தமிழ்ப் புதல்வன் பணத்தைத் தொடவே தொடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்ததற்காக, மேலே படிக்க வருகிற பணம் அது. அந்தக் கணக்கை யுபிஐயிலிருந்து நீக்கிவிட்டு 1,000 ரூபாயை அப்படியே ஆர்டியில் போட்டு வாருங்கள். ஒன்றரை வருடத்தில் 18,000, மேலே வட்டி. அப்போது போன் வாங்குவதா என்பது உங்கள் விருப்பம், என்னைக் கேட்டால் பிசிஏ முடிக்கிற பையனுக்கு லேப்டாப்புக்குத்தான் அந்தப் பணம் சேர வேண்டும்.

ரூம் மேட்ச் பற்றி எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவதைத் தடை செய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்குப் பணம் அனுப்பிவிட்டு, ஜெயித்த தொகையை அவர் தராமல் ப்ளாக் செய்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? நண்பன் உங்களை ஏதாவது குரூப்பில் சேர்த்திருந்தால் இன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள், முடிந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு.