கொத்தனார் பதில்கள்: மேலே வெயில், கீழே ஓதம்

தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். நிழல் இல்லாத வீடு என்பதையும் இனிமேல் சேர்த்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்ற புலம்பல்தான். மீதியில் ஓதம், உப்பு, பெயிண்ட் நாற்றம். சிலவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன்.

ஐயா, என் மாமனார் வீடு மண்சுவர், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருப்பக்கச் சுவரில் இரண்டடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பூசிய சிமென்ட் பாளம் பாளமாக விழுகிறது. மழைக்கு நாலு இடத்தில் ஒழுகுகிறது. இடித்துவிட்டுத் தளம் போட்ட வீடு கட்டலாம் என்கிறார் கொழுந்தனார். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

அம்மா, முதலில் என் கதையைக் கேளுங்கள். என் அப்பாவும் கொத்தனார்தான், சுண்ணாம்பு வேலைக்காரர். அவர் கையால் கட்டிய ஓட்டு வீட்டை 1994-இல் நான் இடித்தேன். தளம் போட்ட வீடு இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார், தலைவாசல் கதவை மட்டும் விற்காதே என்றார். புது வீட்டில் வந்த முதல் கத்திரியில் அம்மா எதிர்வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்தாள். எங்கள் திண்ணையைத்தான் நான் இடித்துவிட்டேனே! நாற்பது வருஷத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சரி, உங்கள் சுவருக்கு வருவோம். நீங்கள் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் தெரு எத்தனை தடவை உயர்ந்தது? ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் ஒவ்வொரு தடவையும் நாலு விரல்கடை ஏறுகிறது. படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போகிறோம். தெருத் தண்ணீர் சுவர் ஓரத்தில் நிற்கிறது, மண்சுவர் அதைக் குடிக்கிறது. குடித்த தண்ணீரை வெளியே விட வழியிருந்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாரோ பலமாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசியிருக்கிறார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே ஊறிய மண் பலம் இழந்து, கடைசியில் பூச்சையும் தள்ளிக்கொண்டு விழுகிறது. சுவருக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நிஜத்தில் அது மூச்சு முட்டிக் கிடக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். தெருப்பக்கச் சுவரில் மூன்றடி உயரம் வரை சிமென்ட் பூச்சை மெதுவாகத் தட்டி எடுங்கள். சம்மட்டி கூடாது, உளியால் நெம்பினால் போதும். கோடை முழுக்க அப்படியே காயட்டும். சுவரை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் தள்ளிப் போகும்படி சரிவு கொடுங்கள். அரித்துப்போன இடத்தை அதே ஊர் மண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து அடைக்க வேண்டும். அது காய்ந்த பிறகு மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த பூச்சு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் தாளித்து ஒரு வாரமாவது ஊற வையுங்கள், அதற்கு மேல் ஊறினால் இன்னும் நல்லது. தாளிக்கும்போது கொதித்துத் தெறிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் குரங்கும் பூனையும்தான். ஓடுகளை இறக்கிக் கழுவி அடுக்கினால் கால்வாசியாவது உடைந்தது என்று கழியும். அந்த அளவுக்குப் பக்கத்து ஊரில் இடிக்கிற வீட்டில் சொல்லி வையுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். ஓடு இறங்கியிருக்கும்போதே, கூரையைத் தாங்கும் பனை வாரைகளை ஒவ்வொன்றாக ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனையில் முனை இறங்காது. இறங்கினால் கரையான் வேலை, அந்த வாரையை மட்டும் மாற்றுங்கள்.

எப்போது இடிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலோ, ஒரு பக்கத்து விரிசல் மறுபக்கமும் தெரிந்தாலோ மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் செத்ததை நாம் மறக்கக் கூடாது. அப்படி இடித்தாலும் ஓடு, கதவு, கல் தூண் எதையும் லாரிக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

சுவர் நேராக நின்றால் கொழுந்தனாரிடம் இதைச் சொல்லுங்கள். சிமென்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். உலகத்தில் மனிதர்கள் வெளியே விடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் இந்த ஒரு தொழிலிலிருந்து வருகிறது. உங்கள் சுவருக்கு வேண்டியதை எழுபது வருஷத்துக்கு முன்பே வெயில் காய வைத்துவிட்டது. இந்தக் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அவரை முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து ஒரு சொம்பு மோர் கொடுங்கள். அப்புறம் பேசலாம்.

மாடி வீட்டில் குடியிருக்கிறோம். ராத்திரி பத்து மணிக்கும் சுவரும் தளமும் கொதிக்கின்றன. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சூடு குறையும் என்கிறார்கள். போடலாமா?
– சத்துவாச்சாரி வாசகர்

சூட்டை உள்ளே வரவிட்டுவிட்டு அப்புறம் பலகை வைத்து மறைப்பதில் என்ன லாபம்? கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரத்துக்குச் சரியாகத் திருப்பிக் கொடுக்கும். அதைத் தளத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

உங்கள் தளத்தின் மேல் சுர்க்கி இருக்கிறதா பாருங்கள். அதாவது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த மூன்று அங்குலப் படுகை. அரசாங்கக் கட்டட வேலையில் 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு என்று கணக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எகிறும் சத்தத்தை வைத்தே கெட்டித்துவிட்டதா என்று அப்பா சொல்லிவிடுவார். இப்போது பலர் வெறும் சிமென்ட் பூச்சோடு முடித்துவிடுகிறார்கள். சுர்க்கி இல்லை என்றால் போடுங்கள், மேலே வெள்ளை ஓடு பதியுங்கள். தளம் எடை தாங்குமா என்று ஒரு இன்ஜினியரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கையில் அவ்வளவு பணம் இல்லையா? சுண்ணாம்பு அடியுங்கள். தளத்தை நன்றாகக் கழுவி, விரிசல் அடைத்து, ஊறிய சுண்ணாம்பை வடிகட்டி இரண்டு, மூன்று கோட். எங்கள் காலத்தில் ஒட்டிக்கொள்ள வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றுவோம், இப்போது வெள்ளைப் பசையைக் கலக்குகிறார்கள். மழைக்காலத்தில் கரைந்துவிடும், வருஷா வருஷம் மாசியில் மறுபடி அடிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வெள்ளையில் வெயில் திரும்பிப் போகும், வெறும் காலில் நடந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வாடகை வீடு என்றாலும் ஓனர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

சொந்த வீடாக இருந்தால் இன்னொன்று. சோலார் தகடு மாட்டினால் கரண்ட் கிடைப்பதோடு, அதன் கீழே நிழலும் கிடைக்கும். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஒழுகல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தகடு மாட்டிய பிறகு ஒழுகினால் படாத பாடு.

எங்கள் போர் தண்ணீர் கரிக்கிறது. வீடு கட்டப் பயன்படுத்தலாமா?
– ராணிப்பேட்டை வாசகர்

வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் பதனிடும் ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் கெட்டுக் கிடப்பது ஊரறிந்த கதை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. மீறினால் கம்பி உள்ளேயே துருப்பிடித்து வீங்கும், தளம் பொரிந்து கொட்டும். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, குளோரைடோடு சல்பேட், அமிலத்தன்மை போன்ற மற்ற எண்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பலர் கலவைக்கு நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, க்யூரிங்குக்கு, அதாவது கட்டியதை நனைத்து வைக்க, கரித்த தண்ணீரை விடுகிறார்கள். அதுவும் உள்ளே இறங்கும். என்னைக் கேட்டால் வீடு கட்டுவதற்கு முன்பே மழைநீர்த் தொட்டியைக் கட்டுவேன். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயம். எப்படியும் செய்ய வேண்டியதை முதலிலேயே செய்தால், வீட்டு வேலைக்கும் ஒரு மழைத் தண்ணீர் உதவும்.

புது வீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதம். பையனுக்கு மூச்சிழுப்பு அதிகமாகிவிட்டது. கப்போர்டைத் திறந்தாலே கண் எரிகிறது.
– காட்பாடி வாசகி

டாக்டரை முதலில் பாருங்கள். கண் எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் பலகையை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற வாயுவாக இருக்கும். கப்போர்டைக் காலி செய்து கதவுகளைத் திறந்துபோட்டு, எதிரெதிர் ஜன்னல்களையும் திறந்து வையுங்கள். பையன் சில வாரம் வேறு அறையில் படுக்கட்டும். பலகையின் வெட்டு முனைகளில் பட்டை ஒட்டாமல் விட்டிருந்தால் ஆசாரியைக் கூப்பிட்டு மூடச் சொல்லுங்கள், அங்கிருந்துதான் அதிகம் வரும். இனி வாங்கும்போது இந்த வாயு குறைவாக வரும் இ-ஜீரோ ரகப் பலகை கேளுங்கள். பழைய வீட்டு ஜன்னல் எதையாவது கொண்டுவந்திருந்தால் அதைக் காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றிவிட்டு ஓடு போடப்போகிறேன். பழைய ஷீட்டை உடைத்துப் பள்ளத்தில் போட்டு நிரப்பலாமா?
– ஆம்பூர் வாசகர்

உடைக்கவே உடைக்காதீர்கள். உடையும்போது பறக்கும் நார்தான் நுரையீரலுக்குப் புற்றுநோயைக் கொண்டுவருகிறது. தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் முழு ஷீட்டாக இறக்கி, தார்ப்பாயில் சுற்றி வைத்து, எங்கே கொடுப்பது என்று நகராட்சியில் கேளுங்கள்.

சென்னையில் ஐ.டி. வேலை. ஒடுகத்தூர் பக்கம் தாத்தா நிலத்தில் சிமென்டே இல்லாமல் மண்வீடு கட்ட ஆசை. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் வீடியோவில் பார்த்தேன். நடக்குமா?
– இளம் வாசகர்

நடக்கும் தம்பி, கொத்தனார் கிடைத்தால். முட்டையை நீங்கள் சாப்பிடுங்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து எடுத்த மண்ணைக் கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். கீழே மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று தனித்தனியாக நிற்கும். மணலும் பொடிக்கல்லும் மூன்றில் இரண்டு பங்கு, களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வெறும் ஏரி வண்டல் என்றால் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் இதைச் சொல்லித் தருகிறார்கள். அவர்களே அழுத்திச் செய்யும் மண் கல்லில் 5 சதவீத அளவுக்குச் சிமென்ட் சேர்க்கிறார்கள். குளியலறையிலும் சிமென்டே கூடாது என்று நீங்கள் மட்டும் பிடிவாதம் பிடிக்க வேண்டாம்.

கடைக்கால் கருங்கல்லில் போடுங்கள், நம் பக்கத்தில் கல்லுக்கா பஞ்சம்? தரைமட்டத்துக்கு மேல் இரண்டடியாவது கல் வரட்டும், கூரை மூன்றடி வெளியே நீளட்டும். சுண்ணாம்புக் கலவை மெதுவாகத்தான் இறுகும். ஒரே நாளில் ஆள் உயரம் எழுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மண் சரிப்படவில்லை என்றால் சூளைச் செங்கல்லில் எலிப்பொறிக் கட்டு கட்டுங்கள். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கேரளாவில் பரப்பியது. செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவதால் நடுவில் மூன்று அங்குலம் இடைவெளி விழும். சுவர் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், செங்கல் கால்வாசி மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். நான் முதலில் இதை நம்பாமல் ஒரு காம்பவுண்ட் சுவரில் கட்டிப் பார்த்தேன், இன்னும் நிற்கிறது. நம் கொத்தனார்கள் முதல் நாள் முறைப்பார்கள், மூன்றாம் நாள் பழகிவிடும்.

மேற்குச் சுவருக்கு நிழல் தர என்ன மரம் வைக்கலாம்?
– அணைக்கட்டு வாசகர்

புங்கன். சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். மாசி பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, கத்திரி வருவதற்குள் முழுக்கத் தளிர்த்துவிடும். வேலப்பாடியில் என் வீட்டு மேற்குப் பக்கம் நிற்பதும் அதுதான், 1995-இல் அம்மா வைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் பங்குனி முழுக்கச் சருகுக்காக என்னோடு சண்டை போடுவார். வைகாசியில் அவர் ஸ்கூட்டர் அந்த நிழலில்தான் நிற்கும்.