நேற்று மாலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

பினாங்கில் கடைசி ஆண்டு படிக்கிறேன். மாணவர்களின் நேர மேலாண்மைப் பழக்கத்தை அளப்பதுதான் என் ஆய்வேடு. ‘நான் திட்டமிட்டு வேலை செய்பவன்’ என்பதுபோல 20 வரிகள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். 40 பேரிடம் கொடுத்தேன். பெரும்பாலோர் நான்கு, ஐந்து என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அசைன்மென்ட்டைக் கடைசி இரவில் முடிப்பவர்களும் அவர்கள்தான். பொய் சொல்கிறார்களா, என் கேள்விதான் பிழையா?

வி., ஜெலுத்தோங்

அன்புள்ள வி.,

பொய் இல்லை. ‘நீ எப்படிப்பட்டவன்’ என்று கேட்டால், தான் ஆக நினைக்கும் ஆளை மனதில் வைத்துத்தான் யாரும் பதில் சொல்வார்கள். நேற்றைப் பற்றிக் கேளுங்கள். ‘நேற்றுக் காலை அன்றைய வேலைகளை எழுதி வைத்தீர்களா?’ ஆம், இல்லை, அவ்வளவுதான்.

பிரிட்டன், டெஸ்ஸர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் 90 கல்லூரி மாணவர்களிடம் நேர மேலாண்மை பற்றி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, நான்கு ஆண்டு கழித்து அவர்களுடைய படிப்பு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். அன்றாடத் திட்டமிடலும், ‘என் நேரம் என் கையில் இருக்கிறது’ என்ற உணர்வும் மதிப்பெண்ணோடு சேர்ந்து போயின. நெடுங்காலத் திட்டம் அப்படிப் போகவில்லை. உங்கள் 20 வரிகளில் அன்றாடத்தைத் தொடுபவை எத்தனை?

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த அசைன்மென்ட்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். முடித்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிய மாணவர்கள் சராசரியாக 34 நாள் என்று கணித்த வேலைக்கு 55 நாளுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியே நல்ல அளவுகோல்.

ஆனால் எனக்கு மனதை உறுத்துவது அந்த ‘என் கையில்’ என்ற சொல். எதிர்க்கரையில் உள்ள பிறை நகரிலிருந்து 13.5 கிலோமீட்டர் பாலத்தை மழையில் மோட்டார் சைக்கிளில் கடந்து வகுப்புக்கு வரும் பையனுக்கும், விடுதியிலிருந்து நடந்து வருபவருக்கும் ஒரே தாளைக் கொடுக்கிறோம். படிக்கிற காலத்தில் நானும் மாலை ஆறு முதல் பதினொன்று வரை ஒரு கடையில் கல்லாவில் நின்றேன். அப்போது உங்கள் தாள் கிடைத்திருந்தால் எல்லாவற்றுக்கும் ‘ஒன்று’ போட்டு, என்னை ஒழுங்கற்றவன் என்றே நம்பியிருப்பேன். இல்லாத நேரத்தை எப்படி மேலாண்மை செய்வது? அதைப் பழக்கக் குறை என்று உங்கள் ஆய்வு எழுதிவிடக் கூடாது.

சரி, தாளை அப்புறம் திருத்தலாம். அந்த 40 பேரில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேட்டு எழுதுங்கள்.